அப்பா அம்மாவைக் கப்பல்ல அனுப்பப் போறம், பேப்பர் எல்லாம் சரியோ எண்டு தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

கரைச்சிப்பிள்ளை:

வணக்கம் எல்லாருக்கும். நான் கிளிநொச்சி, அக்கராயன் பக்கம். கனடாவில இருக்கிற அண்ணா அப்பா அம்மாவை ஒருக்காத் தன்னும் பெரிய கப்பல்ல ஏத்திக் காட்டவேணும் எண்டு கனகாலமாச் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்ப சிங்கப்பூரில இருந்து வெளிக்கிடுற கப்பல்ல நாலு இரவுக்கு புக் பண்ணிப்போட்டார். பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்த் திரும்பி சிங்கப்பூருக்கே வருமாம். அண்ணா அங்கயிருந்து நேர சிங்கப்பூர் வருவார், நான் அப்பா அம்மாவைக் கட்டுநாயக்காவில ஏத்திவிடவேணும். இன்னும் மூண்டு மாசம் கிடக்கு. அட்வான்ஸ் கட்டியாச்சு, மிச்சக்காசு அடுத்த மாசக் கடைசிக்குள்ள கட்டவேணும், அது கட்டினால் பிறகு திருப்பித் தரமாட்டினமாம்.

பிரச்சினை என்னெண்டால் அம்மாவுக்கு பாஸ்போட் இருக்கு, ஆனா போற நேரம் பாத்தால் நாலு மாசம்தான் மிச்சம் இருக்கும். அப்பாவுக்கு பாஸ்போட்டே இல்லை, அறுபத்தெட்டு வயசில இப்பதான் முதல்முதல் எடுக்கப்போறார். அவற்றை பழைய பிறப்புப் பத்திரம் 2009இல நந்திக்கடல் கடக்கேக்க சொப்பிங் பாக்கோட நனைஞ்சு மை எல்லாம் கரைஞ்சுபோச்சு, பாத்தால் நீலமா ஒரு கறைதான் தெரியும், அம்மா இப்பவும் அதை எறியாமல் மடிச்சு வச்சிருக்கிறா. பிறகு முகாமால வந்தாப்பிறகு நடமாடும் சேவையில ஒரு கொப்பி எடுத்தவை, அதில அப்பான்ர பேர் ஒருமாதிரி, அடையாள அட்டையில இன்னொருமாதிரி. தமிழில பாத்தால் ஒண்டுதான், இங்கிலிஷில எழுதேக்கதான் ஒண்டில 'லிங்கம்' சேந்து கிடக்கு, மற்றதில பிரிஞ்சு கிடக்கு, ஒரு எழுத்தும் குறையுது.

இங்க ஒரு ஏஜென்சியில கேட்டனான். அவர் சொல்றார் கப்பல்ல போறவைக்கு விசா ஒண்டும் தேவையில்லை, இறங்காமல் உள்ளுக்க இருந்தால் சரி எண்டு. அண்ணா யூரியூப்பில பாத்தவராம் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இருந்தாலே கப்பல்ல ஏத்துவினம் எண்டு. எனக்கு ரெண்டும் மனசுக்குப் பிடிக்கேல்லை. இவ்வளவு காசு கட்டி, அப்பாவையும் அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டுபோய், வாசல்ல வச்சுத் திருப்பினால் அந்த மனுசன் தாங்காது. எதை முதல் செய்யவேணும், தெரிஞ்ச ஆரும் சொல்லுங்கோ.

போம்கார அண்ணை:

தங்கச்சி, நான் கச்சேரியடியில கடை வச்சு போம் நிரப்பிக்குடுக்கிறனான், பதினைஞ்சு வருசமா இதுதான் தொழில், அதால நம்பிக் கேளுங்கோ. உங்கட அண்ணா பாத்த வீடியோ அமெரிக்காக்காரருக்கு உரியது. அமெரிக்கப் பிரஜையள் அமெரிக்கத் துறைமுகத்தில ஏறி அதே துறைமுகத்தில வந்து இறங்கிற பயணத்துக்கு மட்டும் பிறப்புப் பத்திரமும் படத்தோட ஒரு அட்டையும் காணும் எண்டு ஒரு சலுகை இருக்கு. எங்கட ஆக்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பாஸ்போட் இல்லாமல் கப்பல் என்ன, கட்டுநாயக்கா கவுண்டரே தாண்டேலாது.

முதல் வேலை அப்பான்ர பிறப்புப் பத்திரம். பாஸ்போட் போமை முதல் நிரப்பாதேங்கோ, எல்லாரும் விடுற பிழை அதுதான். பாஸ்போட்டில பேர் பிறப்புப் பத்திரத்தைப் பாத்துத்தான் விழும், அங்க கோணல் எண்டால் பிறகு எல்லாம் கோணல். அவற்றை பிறப்பு எந்தப் பிரிவில பதிஞ்சதோ அந்தப் பிரதேச செயலகத்தில போய்ப் புதுக் கொப்பி ஒண்டு எடுங்கோ, முகாமில எடுத்த பழைய கொப்பியை வச்சு ஓடாதேங்கோ. அதில உண்மையாவே பேர் பிழையா இருந்தால் அங்கயே மேலதிக மாவட்டப் பதிவாளரைக் கண்டு கதையுங்கோ, திருத்தத்துக்கு விண்ணப்பம் போடலாம், ஆனா அது கிழமைக்கணக்கில இழுக்கும், அதால நாளைக்கே போறது நல்லது. பேர் சரியா இருந்து இங்கிலிஷ் எழுத்தில மட்டும்தான் வித்தியாசம் எண்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து மொழிபெயர்க்கேக்க அடையாள அட்டையையும் பக்கத்தில வச்சு, இந்த எழுத்துக்கூட்டல்லதான் வேணும் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் பக்கத்தில நிண்டு பாருங்கோ, ஆரையும் அனுப்பாதேங்கோ.

அப்பாட்ட இருக்கிறது பழைய அடையாள அட்டையோ, ஒன்பது இலக்கமும் கடைசியில வீ எழுத்தும் உள்ளதோ? அது செல்லும், ஆனா படமும் எழுத்தும் அழிஞ்சு தெரியாட்டி அதையும் மாத்தச் சொல்லுவினம். கிராம சேவையாளரிட்ட இண்டைக்கே ஒருக்காக் காட்டுங்கோ.

அதுக்குப் பிறகுதான் பாஸ்போட். படம் கண்ட ஸ்ரூடியோவில எடுத்தால் சரிவராது, குடிவரவுத் திணைக்களம் அனுமதிச்ச ஸ்ரூடியோவிலதான் எடுக்கவேணும், அவையள் படத்தை நேர திணைக்களத்துக்கு அனுப்பிப்போட்டு ஒரு துண்டு தருவினம், அந்தத் துண்டைத் துலைச்சுப்போடாதேங்கோ. வவுனியாவில ஒபிஸ் இருக்கு, 2025 செப்டெம்பரில இருந்து யாழ்ப்பாணத்திலயும் திறந்திருக்கு, கிளிநொச்சியில இருந்து எது வசதியோ அங்க போங்கோ. சாதாரண சேவைக்குப் பத்தாயிரம், ஒருநாள் சேவைக்கு இருபதாயிரம். எந்த ஒபிசில ஒருநாள் சேவை நடக்குது, நாள் பதியவேணுமோ எண்டதை வெளிக்கிட முதல் கேட்டுக்கொண்டு போங்கோ, வயசு போன மனுசனைச் சும்மா அலைக்கழிக்கக்கூடாது. அம்மான்ர பாஸ்போட்டையும் அதே நாளில புதுப்பிக்கக் குடுங்கோ. நாலு மாசம் காணாது. சிங்கப்பூர் ஆறு மாசம் கேக்கும், கப்பல் கொம்பனியும் பயணம் முடியிற நாளில இருந்து ஆறு மாசம் கேக்கும். அம்மா கலியாணத்துக்குப் பிறகு அப்பான்ர பேரை வச்சிருந்தால் விவாகப் பத்திரமும் கொண்டுபோங்கோ.

முல்லைக் கடலோடி:

அக்கா, நான் அளம்பில், இப்படியான ஒரு கப்பல்லதான் ஆறு வருசமா வேலை செய்யிறன், ஏறுற வாசல்ல நடக்கிறதை ஒவ்வொரு கிழமையும் பாக்கிறனான். உங்களுக்கு அந்த ஏஜென்சிக்காரர் சொன்னது முழுப்பிழை. "இறங்காமல் உள்ளுக்க இருப்பன்" எண்ட கதை அங்க எடுபடாது. கப்பல் ஒரு துறைக்குள்ள போய் நிண்டால் உள்ளுக்க இருக்கிற எல்லாரும் அந்த நாட்டுக்கு வந்த கணக்குத்தான், எல்லாற்றை பேரும் பாஸ்போட் இலக்கமும் முன்கூட்டியே அந்த நாட்டுக் குடிவரவுக்குப் போயிடும். அதால போற எல்லாத் துறைக்கும் விசா இருக்கோ எண்டு ஏறமுதலே பாப்பினம். இல்லாட்டி ஏத்தமாட்டினம், காசும் திரும்பாது.

உங்கட பயணத்துக்குச் சொல்றன். சிங்கப்பூருக்கு இலங்கைப் பாஸ்போட்டுக்கு விசா தேவையில்லை, ஆனா வந்து இறங்கிறதுக்கு முந்தின மூண்டு நாளுக்குள்ள எஸ்ஜி அறைவல் காட் எண்ட வருகை அட்டையை ஒன்லைனில நிரப்பவேணும், அது இலவசம், காசு கேட்டால் அது கள்ளத் தளம் எண்டு விளங்குங்கோ. புக்கெட் இருக்கிற தாய்லாந்து 2024 ஜூலையில இருந்து எங்கட ஆக்களையும் விசா இல்லாமல் விடத் தொடங்கினது, 2025 மே மாசத்தில இருந்து அவையளுக்கும் ஒரு ஒன்லைன் அட்டை இருக்கு. இந்த விதியள் மாறிக்கொண்டே இருக்கும், போற மாசம் திருப்பிப் பாருங்கோ. மலேசியாதான் கவனம்! எங்கட பாஸ்போட்டுக்கு மலேசியா விசா கேக்கும், பினாங்கு மலேசியா. அண்ணாவுக்குக் கனடாப் பாஸ்போட் எண்டபடியால் அவருக்கு இந்தப் பிரச்சினை வராது, அதாலதான் அவருக்கு அது கண்ணில படேல்லை. ஒரே கபினில மூண்டு பேர், ரெண்டு நாட்டுப் பாஸ்போட், இப்படியான குடும்பங்கள்தான் வாசல்ல கூட மாட்டுப்படுறது. அப்பா அம்மான்ர பாஸ்போட் கையில கிடைச்ச உடன ஒன்லைனில எடுக்கிற மலேசிய ஈவிசாவுக்குப் போடுங்கோ, கப்பல் கொம்பனிக்கும் ஈமெயில் போட்டு இலங்கைப் பாஸ்போட்காரருக்கு இந்தப் பயணத்துக்கு என்ன வேணும் எண்டு எழுத்தில கேளுங்கோ. வாயால சொன்னது வாசல்ல செல்லாது.

இன்னொண்டு, அஞ்சாம் நாள் திரும்பி சிங்கப்பூரில வந்து இறங்கேக்க அது புதுசா உள்ளுக்க வாற மாதிரித்தான், அந்த அறைவல் காட்டைத் திருப்பி நிரப்பவேணும். கப்பல்ல இன்ரநெற் காசு, அதால நிரப்பவேண்டிய நாளை அண்ணாவோட முதலே கதைச்சு வையுங்கோ.

பிறகு சூட்கேஸ் விசயம். துறைமுகத்தில வாசல்லயே பெரிய சூட்கேஸை வாங்கி ரக் கட்டி உள்ளுக்க அனுப்பிடுவினம், அது கபின் வாசலுக்கு வர பின்னேரமாகும், சிலநேரம் இரவாகும். போன வருசம் ஒரு தாத்தா பாஸ்போட்டைப் பத்திரமா இருக்கட்டும் எண்டு சூட்கேசில சேட்டுக்கு நடுவில வச்சுப்போட்டார். சூட்கேஸ் கப்பலுக்குள்ள, அவர் வெளியில. நூற்றுக்கணக்கான பெட்டிக்குள்ள அவற்றை பெட்டியைத் தேடி எடுக்க ஒண்டரை மணித்தியாலம் போச்சு, அந்த மனுசன் கதிரையில இருந்து கைலேஞ்சியால முகத்தைத் துடைச்சுத் துடைச்சு இருந்தது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. பாஸ்போட், விசாக் கொப்பி, மருந்து, மூண்டும் கையில கொண்டுபோற பாக்கில. அம்மாட்டச் சொல்லுங்கோ.

சுவிஸ் நெடுங்கேணி:

பிள்ளை இதை வாசிச்ச உடன எழுதாமல் இருக்கேலாமல் போச்சு. எங்களுக்கு நடந்ததைச் சொல்றன், நீங்கள் ஆரும் படக்கூடாது எண்டதுக்காக. நாலு வருசத்துக்கு முதல் அம்மாவை நெடுங்கேணியில இருந்து கூப்பிட்டனான், செங்கன் விசா (சுவிஸ், கிரேக்கம் எண்டு ஐரோப்பாவில கன நாட்டுக்கும் செல்லுற ஒரே விசா) கிடைச்சுது, எனக்குச் சந்தோசத்தில தலைகால் தெரியேல்லை, கிரேக்கத்தில ஏறி துருக்கிப் பக்கம் போய்த் திரும்பி வாற கப்பல்ல ஒரு கிழமைக்கு புக் பண்ணினன். துருக்கிக்கு விசா வேணும் எண்டு தெரியும், அதையும் ஒழுங்கா எடுத்தனான். ஆனா அம்மான்ர செங்கன் விசாவில ஒரு முறை உள்ள வாறதுக்குத்தான் அனுமதி எண்டு அச்சடிச்சு இருந்ததை நான் பாக்கேல்லை. சுவிசுக்கு வந்ததோட அந்த ஒரு முறை முடிஞ்சுது. துருக்கிக்குப் போனால் செங்கனை விட்டு வெளியில போன கணக்கு, திருப்பி உள்ளுக்க வரேலாது. பல முறை எண்டு போட்ட விசா வேணுமாம்.

கிரேக்கத்தில பிரேயஸ் துறைமுகத்தில கவுண்டரில நிண்ட பிள்ளை விசா ஒட்டின பக்கத்தை எடுத்து, அந்த இலக்கம் ஒண்டு இருக்கிற இடத்தில பேனையால தொட்டுக் காட்டினா. அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒண்டும் விளங்கேல்லை, "என்ன பிள்ளை, நான் ஏதும் பிழை செய்துபோட்டனோ" எண்டு கேட்டுக்கொண்டே நிண்டவா, நான் என்னத்தைச் சொல்ல. ரிக்கெற் வித்த ஏஜென்சியைக் கேட்டால் விசா உங்கட பொறுப்பு எண்டு போமில சின்ன எழுத்தில கிடக்காம். உண்மைதான், கிடந்தது. ஒரு சதமும் வரேல்லை. ஏதென்ஸில அறை எடுத்து ரெண்டு நாள் இருந்துபோட்டு வீட்டை வந்தம்.

அதால விசா கையில வந்த உடன பேர், பாஸ்போட் இலக்கம், எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி மட்டும், எத்தனை முறை எண்டு விரலை வச்சு ஒவ்வொண்டாப் பாருங்கோ. ஐரோப்பாப் பக்கம் அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக் கப்பல் ஏத்த நினைக்கிற ஆக்கள் முக்கியமாப் பாருங்கோ.

கரைச்சிப்பிள்ளை:

எல்லாருக்கும் கோடி நன்றி, ராத்திரி முழுக்க இதையே திருப்பித் திருப்பி வாசிச்சனான். சுவிஸ் அக்கா உங்கட அம்மான்ர கதையை வாசிச்சு அழுதிட்டன். போம்கார அண்ணை, அப்பா பிறந்தது ஒட்டுசுட்டான் பக்கம், அப்ப அங்கதான் போகவேணும் என்ன? அதோட ஒரு கேள்வி, அம்மான்ர பழைய பாஸ்போட் இலக்கத்தைக் குடுத்துத்தான் அண்ணா புக் பண்ணினவர், புதுசு எடுத்தால் இலக்கம் மாறும் தானே, அதால ஏதும் கரைச்சலோ? அப்பாவுக்கு அடையாள அட்டையில இருக்கிற மாதிரி பேர் குடுத்திருக்கிறார்.

போம்கார அண்ணை:

ஓம் தங்கச்சி, ஒட்டுசுட்டான் பிரதேச செயலகம். அப்பான்ர தாய் தேப்பன் பேர், பிறந்த திகதி, பதிவு இலக்கம் பழைய கொப்பியில இருந்தால் அதைக் கொண்டுபோங்கோ, தேட லேசு. அந்த நனைஞ்ச பத்திரத்தையும் கொண்டுபோங்கோ, சிலவேளை இலக்கம் மட்டும் வெளிச்சத்தில பிடிச்சால் தெரியும், நான் அப்படி எத்தினையோ பேருக்கு ஜன்னலடியில பிடிச்சு வாசிச்சுக் குடுத்திருக்கிறன்.

முல்லைக் கடலோடி:

இலக்கம் மாறினால் மாத்தலாம் அக்கா, புக்கிங்கில உள்ளுக்க போய் அண்ணாவே மாத்தலாம், ஆனா மறக்காமல் மாத்தவேணும். பேர்தான் கவனம். அப்பாவுக்குப் பாஸ்போட் வந்தாப்பிறகு அதில எப்படி அச்சடிச்சிருக்கோ அப்படியே, இடைவெளி உட்பட, கப்பல் புக்கிங்கிலயும் பிளேன் ரிக்கெற்றிலயும் இருக்கவேணும். எங்கட பேருகளில தேப்பன் பேர் எது சொந்தப்பேர் எது எண்டு வெள்ளைக்காரருக்கு விளங்காது, ஒருத்தர் முன்னுக்குப் போடுவார் ஒருத்தர் பின்னுக்குப் போடுவார். பாஸ்போட் படப் பக்கத்தைப் படம் எடுத்து அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில அனுப்பி அதைப் பாத்து அடிக்கச் சொல்லுங்கோ, ஃபோனில வாசிச்சுச் சொல்லாதேங்கோ. மிச்சக்காசும் அப்பான்ர பாஸ்போட் கையில வந்தாப்பிறகு கட்டினால் நிம்மதி. சிங்கப்பூரில ரெண்டு கப்பல் துறை இருக்கு, மரினா பே ஒண்டு, ஹாபர்ஃப்ரன்ட் ஒண்டு. ரிக்கெற்றில எது எண்டு பாருங்கோ, பிழையான இடத்துக்குப் போய் நிண்ட ஆக்களையும் கண்டிருக்கிறன், கப்பல் வெளிக்கிட ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருக்கேக்கயே வாசல் பூட்டிடுவினம்.

மடு றோட்டு:

பிள்ளையள் எழுதினதைப் பாத்துக்கொண்டிருந்தனான். நான் மன்னார்ப் பக்கம், எழுபது தாண்டிட்டுது. அந்தக் காலத்தில தலைமன்னாரில ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம் போனம், அப்பவும் பாஸ்போட் இல்லாமல் ஒருத்தரையும் ஏத்தினதில்லை. போன வருசம் காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினத்துக்குப் பெண்சாதியோட போனனான், சிதம்பரம் பாக்கவேணும் எண்டு கனநாள் ஆசை. நாலு மணித்தியாலச் சின்னப் பயணம்தான், அதுக்கும் விசாவைப் பாத்தாப்பிறகுதான் உள்ள விட்டவை. எங்களுக்கு முன்னால நிண்ட ஒரு பெடியன் விசாவை ஃபோனில வச்சிருந்தான், ஃபோனில சார்ஜ் இல்லை. பாவம், வேர்த்து விறுவிறுத்து, பக்கத்தில நிண்ட ஆக்களிட்ட சார்ஜர் கேட்டு அலைஞ்சான். கடதாசியில எடுத்து ரெண்டு கொப்பி வையுங்கோ பிள்ளை, ஒண்டு அப்பாட்ட, ஒண்டு அம்மாட்ட. ஒருத்தரிட்டயே எல்லாத்தையும் குடுக்காதேங்கோ.

கரைச்சிப்பிள்ளை:

எழுதிக் கேட்டு அஞ்சு கிழமையாச்சு, நடந்ததைச் சொல்லவேணும். ஒட்டுசுட்டானில ரெண்டாம் நாளே பதிவு கிடைச்சிட்டுது. அந்த நனைஞ்ச பத்திரத்தை அங்க இருந்த அக்கா ஜன்னல் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்து இலக்கத்தில முதல் மூண்டையும் வாசிச்சிட்டா, அதை வச்சுத்தான் புத்தகத்தைத் தேடினவை. பதிவில அப்பான்ர பேர் சரியாத்தான் இருந்தது, முகாமில எழுதின கொப்பியிலதான் பிழை, அதால திருத்தம் ஒண்டும் தேவைப்படேல்லை. மொழிபெயர்க்கேக்க நான் பக்கத்திலயே நிண்டு அடையாள அட்டையைப் பாத்து எழுத்தெழுத்தாச் சொன்னனான்.

ரெண்டு பாஸ்போட்டும் வந்திட்டுது. அப்பாட்டக் குடுக்க, கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்தை விரல் வச்சு வாசிச்சார், பிறகு அம்மாட்டக் குடுத்து "நீயும் ஒருக்காப் பார், எழுத்து சரியோ" எண்டார். அம்மா அதை அந்தப் பழைய சொப்பிங் பாக்குக்குள்ள வைக்கப் போனவா, நான் மறிச்சு ஸிப் பூட்டுற பிளாஸ்ரிக் உறை ஒண்டு வாங்கிக் குடுத்திருக்கிறன்.

கப்பல் கொம்பனிக்கு அண்ணா ஈமெயில் போட்டவர், மலேசிய விசா கட்டாயம் வேணும் எண்டு எழுத்தில பதில் வந்திருக்கு. அதைப் பாத்தாப்பிறகு அண்ணா கனநேரம் பேசாமல் இருந்திட்டு, "நீ கேக்காட்டி நான் காசைக் கட்டியிருப்பன்" எண்டார். நேற்று விசாவுக்குப் போட்டாச்சு. அது வந்த உடனதான் மிச்சக்காசு கட்டுறதெண்டு ரெண்டு பேரும் முடிவெடுத்திருக்கிறம், இன்னும் ஒன்பது நாள் தவணை கிடக்கு. விசா வந்தால் இங்கயே எழுதுறன்.